முதலில் சொல்பவருக்கு முழு மன்னிப்பு

வழக்கறிஞர் வஞ்சுளவல்லி தில்லியில் பதினான்கு வருடம் என்ன வேலை பார்த்தாள் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. ஒரே சரக்கை விற்பவர்கள் ரகசியமாகக் கூடிப் பேசி விலையை ஏற்றினால் அது குற்றம். அப்படிக் கூடியவர்களுக்கு எதிராக அரசாங்கத்தின் பக்கம் நின்று வாதாடி, அபராதம் கட்ட வைப்பது அவள் தொழில். இதைப் பொறுமையாகக் கேட்டு முடித்த எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், "அப்ப பஜார்ல பாதிப் பேரு உள்ள போகணுமே" என்றார். அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. அவர் பதிலுக்காகச் சொல்லவில்லை என்பதால் சும்மா இருந்துவிட்டாள்.

தில்லிக்குப் போவதற்கு முன்பு மதுரையில் மோசடி வழக்குகள். தேக்கு வளர்த்துத் தருகிறேன் என்று ஆயிரம் பேரிடம் பணம் வாங்கி, மரத்துக்குப் பதில் போர்டு மட்டும் நட்டவன் ஒருவன். ஒரே வீட்டை ஐந்து வங்கியில் அடகு வைத்துவிட்டு, ஐந்து மேலாளர்களையும் அதே வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்தவன் ஒருவன். பதினெட்டு வருடம் இவர்களோடு பழகியதில் அவளுக்கு ஒரு கொள்கை உண்டாகியிருந்தது. கூட்டுக் களவாணிகள் போலீசுக்குப் பயப்படுவதைவிட ஒருவருக்கொருவர் அதிகம் பயப்படுவார்கள்.

போட்டிச் சட்டத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த விதி இந்தக் கொள்கையின் மேல்தான் நின்றது. கூடி விலை பேசியவர்களில் எவர் முதலில் தில்லியில் உள்ள போட்டி ஆணையத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாரோ, அவருக்கு அபராதம் முழுதுமே தள்ளுபடி ஆகலாம். இரண்டாவது ஆளுக்குப் பாதி வரை. மூன்றாவது ஆளுக்கு அதற்கும் கீழே. பிறகு வருபவன் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளலாம். 'பந்திக்கு முந்து' என்பதை நாடாளுமன்றம் சட்டமாக்கியிருக்கிறது என்று கருத்தரங்குகளில் சொல்வாள். தில்லியில் அதை மொழிபெயர்த்துச் சொன்னால்கூடச் சிரிப்பார்கள்.

தில்லிக் காற்று நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பினாள். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். தட்டச்சுக்கு இசக்கியம்மாள். இரண்டு வருடத்தில் வந்தவை எல்லாம் பாதைத் தகராறு, செக் பவுன்ஸ், ஒரு வேப்பமரம் யாருடையது என்ற வழக்கு. வேப்பமர வழக்கை இரண்டு தரப்புமே ரசித்து நடத்தினார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் பத்தொன்பதாம் தேதி காலையில், வாசலில் ஒரு மேக்சி கேப் வேன் வந்து நின்றது. நான்கு ஆண்களும் ஒரு பெண்ணும் இறங்கி வரிசையாக மாடி ஏறினார்கள். அஞ்சு பேருக்கு நாற்காலி இல்லை என்று இசக்கியம்மாள் கீழே போய் ஜெராக்ஸ் கடையிலிருந்து இரண்டு வாங்கி வந்தாள்.

முதலில் பேசியவர் சூசை. அறுபது வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஜெபமாலை. "நாங்க பேண்டேஜ் துணி ஓட்டுதோம் மேடம். செட்டியார்பட்டியச் சுத்தி அஞ்சு தறி ஷெட்டு. எனக்குத்தான் கொஞ்சம் பெருசு. இவரு சுந்தரபாண்டியன், இவரு சேஷு, இவரு பென்சன். இது சீனியம்மா, தங்கச்சி மாதிரி. தில்லியில இருந்து அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி காயிதம் வந்திருக்கு. நீங்க அங்கதான இருந்தீக, அவிய கையெழுத்து உங்களுக்குத் தெரியும்னு வந்தோம்."

கையெழுத்து அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அந்தக் கடிதத்தின் சில வாக்கியங்களை ஒரு காலத்தில் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் துணி வாங்கும் டெண்டரில், பதினோரு வருடமாக ஐந்து பேரும் கூடிப் பேசி விலை போட்டதாகச் சந்தேகம் எழுந்திருக்கிறது, விளக்கம் தருக என்று கேட்டிருந்தது. கடிதம் பதினோராம் தேதி வந்திருந்தது.

"அஞ்சு டெண்டரும் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து போயிருக்கு" என்றாள் வல்லி.

"ஆமா மேடம். ராஜபாளையத்துல ஒரு சென்டர். அவருக்குத்தான் இதெல்லாம் அத்துபடி."

"முப்பத்தெட்டு நிமிஷத்துக்குள்ள அஞ்சும்."

"ராகுகாலம் முடியவும் போட்டோம்."

வல்லி அவருடைய ஜெபமாலையைப் பார்த்தாள். "நீங்களுமா?"

"எல்லாரும் ஒண்ணாப் போறப்ப நானும் பென்சனும் மட்டும் ராகுகாலத்துல போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் சூசை.

அடுத்த தாளைப் புரட்டினாள். ஒரு பழைய டெண்டரில் தோற்பதற்கென்றே அதிக விலை போட்டிருந்த சுந்தரபாண்டியன், டெண்டரோடு ஒரு கடிதமும் இணைத்திருந்தார். 'அடுத்த ஆண்டு எங்களுக்கு ஆர்டர் வழங்கும்போதும் இதே ஒத்துழைப்பைத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

"இது என்ன?"

"மரியாதைக்கு எழுதுனது" என்றார் சுந்தரபாண்டியன்.

தில்லியில் இப்படி ஒரு சாட்சியத்துக்காக அவள் மூன்று வருடம் அலைந்திருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் போலிப் பெயரில் மின்னஞ்சல் வைத்துக்கொள்வார்கள், வெளிநாட்டு ஓட்டலில் சந்திப்பார்கள், போனை ஏரியில் எறிவார்கள். இவர்கள் ஒரு நீளவாக்கு நோட்டு வைத்திருந்தார்கள். பென்சன் அதை மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எந்த வருடம் யார் முறை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

அந்த நோட்டுக்கு ஒரு நியாயமும் அவர்களிடம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு சூசையும் சுந்தரபாண்டியனும் போட்டி போட்டு விலையைக் குறைத்து, ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்தே கடனாளி ஆனார்கள். அப்போது சேஷுதான் சொன்னார். கண்மாய்த் தண்ணியை எப்படிப் பாய்ச்சுகிறோம்? இன்றைக்கு உன் வயலுக்கு, நாளைக்கு என் வயலுக்கு. எவனாவது மடையை உடைக்கிறானா? அதே மாதிரி டெண்டருக்கும் முறை வைத்துக்கொள்வோம். வீட்டில் சாவு விழுந்தவருக்கு முறை தள்ளிப்போகும், ஆனால் அழியாது. கண்மாயிலும் அதுதான் வழக்கம்.

"கண்மாய்த் தண்ணி உங்களோடது, நீங்க பங்கு வச்சுக்கிடலாம்" என்றாள் வல்லி. அவள் குரல் ஏறிவிட்டது. "இது யாரு காசு? பெரியாஸ்பத்திரியில சர்க்கரைப் புண்ணோட தரையில படுத்திருக்கான் பாருங்க, அவன் காசு. அவன் கட்டுல நீங்க அஞ்சு பேரும் பதினோரு வருஷமாக் கை வச்சிருக்கீங்க."

ஐந்து பேரும் உண்மையிலேயே திடுக்கிட்டார்கள். "துணி மட்டம் கிடையாதும்மா" என்றார் சேஷு, மிகவும் மனம் நொந்து. "நூலை எண்ணிப் பாத்துக்கிடுங்க."

நூலை எண்ணும் சட்டம் வேறு என்று சொல்லிவிட்டு, அபராதம் என்ன ஆகும் என்பதைச் சொன்னாள். ஒவ்வொரு வருட விற்பனையிலும் பத்தில் ஒரு பங்கு வரை போடலாம். அப்படிப் பதினோரு வருடத்துக்கும் போடலாம். லாபத்தின் மூன்று மடங்கு அதைவிட அதிகமாக வந்தால் அதைப் போடலாம். சூசை பாதித் தறிகளை விற்றால் மூச்சு விடுவார். சீனியம்மாளுக்கு இருப்பது பன்னிரண்டு தறி. புருஷன் போன நான்கு வருடமாக அவள் ஒருத்தி கட்டிக்காக்கிற ஷெட், அதை நம்பி எட்டுக் குடும்பம். இடத்தோடு விற்றாலும் அவளால் தேற முடியாது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது.

பிறகு வல்லி தனக்குப் பிடித்த விதியை எடுத்துச் சொன்னாள். முதலில் சொல்பவருக்கு முழு மன்னிப்பு, இரண்டாவது ஆளுக்குப் பாதி, மூன்றாவது ஆளுக்குக் கொஞ்சம். ஒரு வக்கீல் ஒருவருக்குத்தான் ஆஜராக முடியும். ஆகவே நான்கு பேர் எழுந்து போக வேண்டியிருக்கும்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இந்த நிமிடம் அவளுக்குத் தெரியும். தில்லியில் இந்த இடத்தில்தான் எல்லாரும் குனிந்து அடுத்தவன் பூட்ஸைப் பார்ப்பார்கள். ஒருவனுக்கு அவசரமாகப் பாத்ரூம் வரும். அவன் திரும்பி வரமாட்டான்.

இங்கே யாருக்கும் பாத்ரூம் வரவில்லை. சூசை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சனைக் கேட்டார். "இந்த வருசம் யாரு முறைப்பா?"

பென்சன் நோட்டைப் பார்த்தார். "சீனியம்மாக்கா முறை. அண்ணன் தவறுன வருசம் விட்டுக்குடுத்தது, சுத்தி இப்பம் வருது."

"அப்ப சரியாப் போச்சு" என்றார் சூசை. "டெண்டர் இந்த வருசம் போச்சு. அதுக்குப் பதிலா மன்னிப்பு வந்திருக்கு. முறை தங்கச்சிக்கு."

"சரே, சரே" என்று தெலுங்கில் ஒத்துக்கொண்டார் சேஷு.

"பாதி மன்னிப்பு அடுத்த வருசத்து ஆளுக்கு" என்று பென்சன் விரலால் வரி தேடினார். "அது சூசை அண்ணன். அதுக்கடுத்து சுந்தரபாண்டியன். அவிய வேற வக்கீலப் பாத்துக்கிடட்டும். அக்கா நம்பர் வாங்குன பொறவு ஒவ்வொருத்தராப் போவோம். நானும் சேஷுவும் அபராதத்தக் கட்டிக்கிடுதோம், என்ன செய்ய."

ஐந்து பேர் கூடிப் பேசி விலை வைத்தது குற்றம். அந்தக் குற்றத்துக்கான மன்னிப்பையும் அதே ஐந்து பேர், அதே நோட்டைப் பார்த்து, அதே முறையில் பங்கு வைக்கிறார்கள். இதைத் தடுக்கும் பிரிவு எது என்று வல்லி மனசுக்குள் தேடினாள். இப்படியும் நடக்கும் என்று யாரும் நினைக்காததால் அப்படி ஒரு பிரிவை யாரும் எழுதவில்லை.

அப்போதுதான் சீனியம்மாள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "எனக்கு வேண்டாம்ண்ணே. நீங்க எடுத்துக்கோங்க."

"ஏன் வேண்டாம்?"

"உங்களுக்குத்தான அம்புட்டு அபராதம் வரும். எனக்கு வேண்டாம்."

"முறைன்னா முறைதான்" என்றார் சூசை. "நீ விட்டுக்குடுத்தது ஒரு தரம் போதும்."

"வேண்டாம்ண்ணே, சொன்னாக் கேளுங்க." அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அவள் மறுக்க மறுக்க நான்கு பேருக்கும் பிடிவாதம் ஏறியது. சுந்தரபாண்டியன் எழுந்து நின்றே வற்புறுத்தினார். இரண்டு நாற்காலிக்கு நடுவே நின்ற இசக்கியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை, ஆனாலும் அழுகை வந்தது.

வல்லிக்கும் வந்தது என்பதை மறைப்பானேன். பதினெட்டு வருடத்தில் பத்துக் காசுக்கு அண்ணன் தம்பியைக் காட்டிக்கொடுத்ததைப் பார்த்தவள், காட்டிக்கொடுக்கும் உரிமையை ஒருவருக்கொருவர் தானம் செய்வதை இன்றுதான் பார்க்கிறாள். குற்றவாளிகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் பெரிய மனசு. அந்த நெகிழ்ச்சியில்தான், தொழிலில் நேற்றுச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யாத தப்பைச் செய்தாள். மற்ற நான்கு பேரையும் வெளியே அனுப்பாமல் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தாள். வெளியே இருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "குடும்பம்தான மேடம், நாங்க இருந்தா என்ன" என்று சூசை சொல்லிவிட்டார்.

"இந்த விஷயமா இதுக்கு முன்னால ஆணையத்துக்கு ஏதாவது எழுதியிருக்கீங்களா?" என்பது விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி.

சீனியம்மாள் நான்கு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையசைத்தாள். வல்லி 'இல்லை' என்று எழுதினாள். மதியம் ஒன்றேகாலுக்கு விண்ணப்பம் மின்னஞ்சலில் தில்லிக்குப் போனது. இறங்கிப் போகும்போது வேனில் முன்சீட்டைச் சீனியம்மாளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. மரியாதையான, சுருக்கமான பதில். 'தங்கள் கட்சிக்காரர் இதே பொருள் குறித்து இம்மாதம் பதினான்காம் தேதி பகல் 12.10க்கு வேறொரு பிரதிநிதி மூலம் விண்ணப்பித்து முதல் இடத்தைப் பெற்றிருக்கிறார். ஒரே நபர் இருமுறை விண்ணப்பிக்க இடமில்லை. தங்கள் விண்ணப்பத்தில் ஏழாவது கேள்விக்கான பதில் குறித்து விளக்கம் தேவை.'

வல்லி அதை இரண்டு முறை படித்தாள். பதினான்காம் தேதி என்றால் கடிதம் கைக்குக் கிடைத்த மூன்றாம் நாள். நான்கு பேரும் நோட்டைப் பார்த்து முறை சொன்னது பத்தொன்பதாம் தேதி. அதற்கு ஐந்து நாள் முன்பே சீனியம்மாள் போய்விட்டிருக்கிறாள். சபையில் அவள் உட்கார்ந்திருந்தது திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி. அதைத்தான் தானும் இசக்கியம்மாளும் தியாகம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது வல்லிக்குக் காது சூடாகியது.

தன் கொள்கை சரிதான் என்று தெரிந்தால் மனிதனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். அவளுக்கு வரவில்லை. போனை எடுத்துச் சீனியம்மாளைத் தனியாக வரச் சொன்னாள்.

தனியாக என்று அழுத்திச் சொல்லியும் வேன்தான் வந்தது. ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் நல்ல செய்தி என்று நான்கு பேரும் கிளம்பியிருக்கிறார்கள். இந்த முறை வல்லி படியிலேயே நின்று, கட்சிக்காரர் மட்டும் மேலே வரலாம் என்றாள். "பேசிட்டு வா தங்கச்சி, நாங்க டீ குடிச்சிட்டு இருக்கோம்" என்றார் சூசை.

சீனியம்மாள் தாளைப் படிக்கவில்லை. எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"மருமகன் விமல் மதுரையில ஆடிட்டர்ட்ட இருக்காரு" என்றாள். "ரெண்டு நாளு கழிச்சுக் காயிதத்தப் போட்டோ எடுத்து அனுப்புனேன். அன்னைக்கே கூப்புட்டாரு. அத்த, முதல்ல போறவுகளுக்கு ஒண்ணும் கிடையாது, பின்னால போனா ஷெட்டு போயிரும். நாளைக்கே சூசை போயிருவாரு, பெரிய ஆளு, அவருக்கு வக்கீலு இருப்பாருன்னாரு. ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தேன் மேடம். பொழுது விடியவும் பஸ் ஏறிட்டேன்."

"அன்னிக்கு என்கிட்ட ஏன் சொல்லல?"

"நாலு பேரு மொகத்துக்கு முன்னால கேட்டீக."

அது முழுக்கவும் உண்மை.

"அவிய குடுப்பாவன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றாள் சீனியம்மாள். "கேட்டா குடுப்பாவளோ மாட்டாவளோன்னு பயந்து போனேன். கேக்காமலே குடுத்தாவளே."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். வல்லிக்குச் சட்டம்தான் தெரியும், ஆகவே சட்டத்தைச் சொன்னாள். முதல் இடம் அவளுக்குத்தான், ஷெட்டுக்குப் பயமில்லை. ஏழாவது கேள்விக்குப் பதட்டத்தில் சொன்ன பதில் என்று மன்னிப்புக் கடிதம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். முதல் விண்ணப்பத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது, ஆணையம் விசாரித்து முடிக்கும் வரை ரகசியம் காக்க வேண்டியது கடமை. தீர்ப்பில் தேதி வரும், அன்றைக்குத் தெரிந்தால் தெரியட்டும். அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும்.

"மூணு வருசமும் வேன்ல முன்னால உக்காரச் சொல்லுவாவ" என்றாள் சீனியம்மாள்.

"சொல்லட்டும்."

"என்னால முடியாது."

"நீங்க வாயைத் திறந்தா உங்களுக்குத்தான் கெடுதல். உங்க வக்கீலாச் சொல்றேன்."

"வக்கீலாச் சொல்லுதீக" என்று ஒத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் படி இறங்கினாள். வல்லி எழுந்து பால்கனிக்கு வந்தாள். பின்னாலேயே இறங்கித் தடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். படியில் கால் வைக்க மனம் வரவில்லை. சீனியம்மாள் சொல்லிவிட வேண்டும் என்று தன் மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்ததை அவள் பிற்பாடு யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கீழே டீக்கடை வாசலில் நான்கு பேரும் நின்றிருந்தார்கள். அவளுக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லியிருந்தார் சூசை. கண்ணாடித் தம்ளரை நீட்டினார். "என்ன தங்கச்சி, நம்பர் கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சுண்ணே."

"ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

"அப்பறம் என்னத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு, குடிக்காமல், சொல்லிவிட்டாள். மேலே நின்ற வல்லிக்கு எல்லாம் கேட்கவில்லை. பதினாலாம் தேதி என்பதும், மருமகன் என்பதும், அண்ணே என்பது நாலைந்து தடவையும் கேட்டது. சூசை மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தார். அந்த மூன்று பேரும் அவரைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கத்துவார்கள் என்று வல்லி எதிர்பார்த்தாள். ஒருவரும் கத்தவில்லை. சூசை பெஞ்சில் தம்ளரை வைத்துவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறி வந்தார். அறுபது வயசுக்கு அது வேகம்தான்.

"மேடம், ரெண்டாவது எடம் காலியா இருக்கா?"

"அது எனக்குத் தெரியாது. நான் உங்களுக்கு ஆஜராகவும் முடியாது."

"முறைப்படி அது எனக்குத்தான மேடம்?"

"முறையெல்லாம் ஆணையத்துக்குத் தெரியாது. யாரு முந்துறாங்களோ அவங்களுக்கு."

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். சுந்தரபாண்டியன் கோர்ட் காம்பவுண்டு ஓரமாக ஒதுங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். 'ஆமா சார், இன்னைக்கே, இப்பவே' என்பது மாடிவரை கேட்டது. சேஷுவும் பென்சனும் நின்ற இடத்தில் இல்லை. நீளவாக்கு நோட்டு மஞ்சப்பையோடு டீக்கடை பெஞ்சிலேயே கிடந்தது.

"பதினோரு வருசம் மேடம்" என்றார் சூசை. அவர் முகத்தைப் பார்க்க வல்லிக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்த நிமிடம் படியில் தடதடவென்று இறங்கி, வேனில் ஏறி, மதுரைப் பக்கமாகத் திருப்பினார். முன்சீட்டுக் கதவு சரியாகச் சாத்தாமல் ஆடிக்கொண்டே போனது. டீக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

சட்டம் வேலை செய்தது. புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, கருத்தரங்கில் வல்லி எப்படி விளக்குவாளோ, அட்சரம் பிசகாமல் அப்படியே நடந்தது. அடுத்த டெண்டரில் ஐந்து பேரும் ஐந்து கம்ப்யூட்டரில் ஐந்து நேரத்தில் விலை போடுவார்கள். காயத்துக்குக் கட்டும் துணி மலிவாகக் கிடைக்கும். தரையில் படுத்திருப்பவனுக்கு அது நியாயம், அதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அவள் கீழே இறங்கிப் போய் ஐந்து டீக்கும் காசு கொடுத்தாள்.

சீனியம்மாள் டீத் தம்ளரைக் கையில் வைத்தபடி ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். "நான் ராஜபாளையம் பஸ்ஸுல போயிக்கிடுதேன் மேடம்" என்றாள்.

இருவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். அங்கே புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு ஒரு பஸ் நின்றது. கூட்டம் இருந்தது, ஆனால் நெருக்கம் இல்லை. மூன்று பேர் உட்காரும் நீள சீட்டில் ஜன்னலோரமாகப் பென்சன், நடுவில் சேஷு. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சேஷு போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், பென்சன் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

சீனியம்மாள் ஏறினாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து அந்த சீட்டுப் பக்கம் வந்தாள். நான்கு வருடமாக ஒரே வேனில் உட்கார்ந்து போன பழக்கத்தில் வந்திருப்பாள்.

சேஷு நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பதமாக மடித்து, காலி இடத்தில் போட்டார்.

"ஆளு வருதும்மா" என்றார்.

யாரும் வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. துண்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றபடியே போவது, பஸ் திரும்பும்வரை வல்லிக்குத் தெரிந்தது.